தம்பியை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

கேள்வி: மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் கணித ஆசிரியையாக இருக்கிறேன். சென்ற வருடம் ஐந்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்ததும் உளவளத்துணை (கவுன்சலிங்) ஆசிரியர் பொறுப்பையும் தந்துவிட்டார்கள். தரம் 9 இல் ஒரு பிள்ளை, 14 வயது. அம்மா குவைத்துக்குப் போய் ஒன்றரை வருடம். அப்பாவுக்குத் தோட்டத்தில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து வேலை, குடியும் உண்டு. வீட்டில் அப்பாயியும் நான்கு வயதுத் தம்பியும் இருக்கிறார்கள். தரம் 8 வரை முதல் ஐந்துக்குள் வந்தவள் இப்போது வாரத்தில் மூன்று நாள் பிந்தி வருகிறாள், முதல் பாடத்திலேயே தூங்குகிறாள், கேட்டால் பதில் இல்லை. அதிபர் சொன்னபடி ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டு, "அம்மா உனக்காகத்தானே அங்கே கஷ்டப்படுறாங்க, நீ படிக்க வேண்டாமா?" என்று தன்மையாகத்தான் சொன்னேன். அடுத்த நாளிலிருந்து வரவில்லை. இன்றோடு பதின்மூன்று நாள். பாடசாலைப் பதிவிலிருந்து பெயரை வெட்டிவிடலாம் என்று பேசுகிறார்கள். நான் செய்த பிழை என்ன? இனி என்ன செய்வது? இன்னொன்று, தரம் 7 இல் ஒரு பையன் எழுத்துகளை மாற்றி மாற்றி எழுதுகிறான். அவனுக்கும் உளவளத்துணை கொடுக்க வேண்டுமா?

பெயர் வேண்டாம்.

அன்பின் ஆசிரியைக்கு,

பதின்மூன்று நாள் என்று எண்ணி வைத்திருக்கிறீர்கள். அந்தப் பாடசாலையில் வேறு யாரும் எண்ணியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆகவே உங்களிடம் கொஞ்சம் கடுமையாகவே பேசலாம், நீங்கள் தாங்குவீர்கள்.

பிழையைக் கேட்டீர்கள். ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டது ஒன்று. இடைவேளையில் ஏழெட்டுப் பேர் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும் இடம் அது. ஒருவராவது நிமிர்ந்து பார்த்திருப்பார், ஒருவராவது "என்னவாம்?" என்று கேட்டிருப்பார். அதைவிடப் பெரிய பிழை அந்த வாக்கியம். அம்மா தனக்காகக் கஷ்டப்படுகிறாள் என்பது அந்தப் பிள்ளைக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அம்மா பஸ் ஏறிய நாளிலிருந்து அப்பாயி சொல்கிறார், லயத்தில் பக்கத்துக் காம்பரா (அறை) மாமி சொல்கிறார், பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனால் அங்கேயும் சொல்கிறார்கள். அவளுடைய காதில் அது எப்படி விழுகிறது தெரியுமா? 'நான் இல்லையென்றால் அம்மா போயிருக்க மாட்டாள்.' அம்மா போனது கடனுக்காக இருக்கலாம், கூரைத் தகரம் மாற்றுவதற்காக இருக்கலாம், அப்பாவின் குடியே காரணமாக இருக்கலாம். கணக்கை மட்டும் எல்லோரும் பிள்ளையின் பெயரில் எழுதிவிடுகிறோம்.

நானும் அதே வாக்கியத்தைச் சொன்னவன்தான். இந்த வேலைக்கு வந்த புதிதில், அம்மா சவூதியில் இருந்த ஒரு பையனிடம் சொன்னேன். அவன் என்னை நேராகப் பார்த்து, "நானா சார் போகச் சொன்னேன்?" என்று கேட்டான். எனக்குப் பதில் இல்லை. அவன் வாயைத் திறந்து கேட்டுவிட்டான், உங்கள் பிள்ளை வராமல் இருந்து கேட்கிறாள். வேறுபாடு அவ்வளவுதான்.

நம் பாடசாலைகளில் இந்த வேலைக்கு 'வழிகாட்டலும் ஆலோசனையும்' என்று பலகை மாட்டியிருக்கிறோம். அந்தப் பெயரே நம்மைக் கெடுக்கிறது என்று நினைக்கிறேன். ஆலோசனை என்று எழுதியிருப்பதால் எதையாவது எடுத்துச் சொல்வதுதான் நம் வேலை என்று வாயைத் திறந்துவிடுகிறோம். சிக்கலான சூழ்நிலையில் இருக்கும் பிள்ளையிடம் பேசுவது இரண்டாவது வேலை. பிள்ளை மாற வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால், அவளுக்காகப் பாடசாலை எதை மாற்றிக்கொள்ள முடியும் என்று பார்ப்பது முதல் வேலை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் தம்பி ஒரே ஒரு இடத்தில் வந்து போய்விட்டான். எனக்கு அவன்மேல்தான் கண். அப்பா காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போய்விடுவார். அப்பாயியால் நான்கு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படி இறங்க முடியுமா, கண் தெரிகிறதா, கால் வருகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. முடியாது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அவனை எழுப்பி, முகம் கழுவி, ரொட்டி சுட்டுக் கொடுத்து, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் கொண்டுபோய் விடுவது யார்? பிள்ளைக் காம்பரா எத்தனை மணிக்குத் திறக்கிறது? அங்கிருந்து உங்கள் வாசலுக்கு எத்தனை நிமிட நடை? பாடசாலை ஏழரைக்குத் தொடங்குகிறது. நீங்கள் கணித ஆசிரியை, இந்தக் கணக்கை என்னைவிட நன்றாகச் செய்வீர்கள். விடை ஏழரையைத் தாண்டினால் அவள் பிந்துவது சோம்பலால் அல்ல, ஒழுக்கக் கேட்டாலும் அல்ல.

தூக்கத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. குவைத் நேரம் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால். வீட்டு வேலைக்குப் போன பெண்ணுக்குச் சமையலறையைக் கழுவி முடித்துவிட்டு, அங்கே இரவு பத்து மணிக்குத்தான் தொலைபேசி கையில் கிடைக்கும் என்று வையுங்கள். இங்கே அப்போது நள்ளிரவு பன்னிரண்டரை. அம்மாவின் முகத்தைப் பார்க்க விழித்திருக்கும் பிள்ளை ஒரு மணிக்குப் படுத்து ஐந்துக்கு எழும்பினால் முதல் பாடத்தில் தூங்காமல் என்ன செய்வாள்? இது என் ஊகம்தான். ஆனால் இப்படிப் பல பிள்ளைகளைப் பார்த்த பிறகு வந்த ஊகம். அப்படி இருந்தால் தீர்வும் பெரிதல்ல. நீண்ட பேச்சை வெள்ளி, சனி இரவுகளுக்கு மாற்றச் சொல்லலாம், மறுநாள் பாடசாலை இல்லை. மற்ற நாட்களில் வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினால் காலையில் தம்பியும் சேர்ந்து கேட்பான். இதை அம்மாவிடம் நீங்களே பேசலாம். ஆனால் ஒன்று, பிள்ளை வராததைப் பற்றிய முறைப்பாடாக அந்தப் பேச்சு இருக்கக் கூடாது. இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு குசினியில் நின்றுகொண்டு அந்த அம்மா அதை வைத்து என்ன செய்வார்?

ஊகத்தை விட்டுவிட்டு ஆதாரத்துக்கு வருவோம். ஆதாரம் உங்கள் மேசையிலேயே இருக்கிறது: வகுப்பு இடாப்பு, அதாவது வரவுப் பதிவேடு. ஒரு வருட இடாப்பை எடுத்து, அவள் வராத நாட்களையும் பிந்திய நாட்களையும் ஒரு கலண்டரில் வட்டமிடுங்கள். இதைச் செய்யும் ஆசிரியர்கள் குறைவு. நான் எந்தப் பிள்ளையைச் சந்திப்பதற்கு முன்னாலும் இதைத்தான் செய்வேன். வட்டங்கள் மாதத்தின் பத்தாம் திகதியை ஒட்டி, சம்பளம் கைக்கு வந்த மறுநாளில் விழுகின்றனவா? அப்படியானால் முந்திய இரவில் அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம். மாதத்துக்கு நான்கைந்து நாள் ஒரே தொடராக விழுகின்றனவா? அது மாதவிடாயாக இருக்கலாம். பாடசாலைக் கழிவறையில் தண்ணீர் வருகிறதா, கதவுக்குக் கொண்டி இருக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். சுகாதாரத் துவாய் வாங்குவதற்குக் கல்வி அமைச்சு 2024 இல் மாணவிகளுக்கு வவுச்சர் கொடுக்கத் தொடங்கியது. உங்கள் பாடசாலையில் அது எல்லோர் கைக்கும் சேர்ந்ததா? ஜூன், ஜூலை மழையில் வட்டங்கள் குவிகின்றனவா? மஸ்கெலியா மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரே சோடிச் சப்பாத்து, ஒரே சீருடை, அடுப்புக்கு மேலே கட்டினாலும் காயாது. வட்டங்கள் ஒழுங்கே இல்லாமல் சிதறிக் கிடந்தால் பெரும்பாலும் அப்பாயிக்கோ தம்பிக்கோ சுகமில்லாமல் போன நாட்கள் அவை.

இடாப்பைப் பார்த்த பிறகு வீட்டுக்குப் போங்கள். அதிபரோடு போக வேண்டாம், மாணவத் தலைவர்களை அனுப்பவும் வேண்டாம். அவளுக்குப் பிடித்த ஆசிரியை ஒருவர் இருந்தால் கூட்டிக்கொள்ளுங்கள். முதல் வாக்கியம் முக்கியம். "ஏன் வரல?" என்று தொடங்கினால் கதவு மூடிவிடும். "அன்றைக்கு எல்லார் முன்னாலயும் கூப்பிட்டது என் பிழைம்மா" என்று தொடங்குங்கள். ஆசிரியர் பிழையை ஒப்புக்கொள்வதை நம் பிள்ளைகள் அதிகம் பார்த்ததில்லை, அவள் கொஞ்சம் திகைப்பாள். பிறகு அவளுடைய மனதைப் பற்றி ஒன்றும் கேட்காதீர்கள். "மனசுல என்ன இருக்கு, சொல்லு" என்று கேட்டால் பெரியவர்களுக்கே சொல்ல வராது. "நேற்றுக் காலையில எழும்பினதிலயிருந்து என்னென்ன செய்தாய்?" என்று மட்டும் கேளுங்கள். தண்ணீர் எடுத்தேன், விறகு பொறுக்கினேன், தம்பிக்குத் தலைவாரினேன் என்று வரிசையாக வரும். எந்த இடத்தில் குரல் தடுமாறுகிறதோ அந்த இடத்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள், அப்போதே தோண்ட வேண்டாம்.

அப்பா இருந்தால் அவரோடும் பேசுங்கள், குடியைப் பற்றி அல்ல. மனைவியை அனுப்பிவிட்டு இரண்டு பிள்ளைகளோடும் வயதான தாயோடும் ஒரு காம்பராவில் வாழும் மனிதர் அவர். ஊர் அவரை ஏற்கனவே தீர்ப்பிட்டு முடித்துவிட்டது. "காலையில் பத்து நிமிடம் முந்திக் கிளம்பி, பெரட்டுக்குப் போகும் வழியில் தம்பியைப் பிள்ளைக் காம்பராவில் விட முடியுமா?" என்று ஒரே ஒரு விஷயத்தைக் கேளுங்கள். முடியாது என்றால் அங்கே பொறுப்பாக இருக்கும் அக்காவிடம் கேட்கலாம். திறக்கும் நேரத்துக்குக் கால் மணித்தியாலம் முன்னால் பிள்ளையை ஏற்றுக்கொள்வது பெரும்பாலும் முகத்துக்காகவாவது நடக்கும்.

இனி அதிபர். அவரிடம் நான்கு வாரம் மட்டும் கேளுங்கள். நான்கு வாரத்துக்கு அவள் எட்டு மணிக்கு வரலாம், வாசலில் நிறுத்தக் கூடாது, காலைக் கூட்டத்தில் பெயர் சொல்லக் கூடாது, வீட்டுப்பாடத்தை இடைவேளையிலோ பாடசாலை முடிந்து அரை மணித்தியாலத்திலோ செய்துவிட்டுப் போகலாம். "ஒருத்திக்கு விட்டால் எல்லாரும் கேட்பார்கள்" என்பார். எல்லா அதிபர்களும் அப்படித்தான் சொல்வார்கள். அம்மா வெளிநாட்டில் இருக்க, தம்பியை வளர்த்துக்கொண்டு வரும் பிள்ளைகள் வேறு யாராவது கேட்டால் அவர்களுக்கும் கொடுக்க வேண்டியதுதான் என்பது என் பதில். நீங்கள் அதைக் கொஞ்சம் மரியாதையாகச் சொல்லிக்கொள்ளுங்கள். பெயர் வெட்டும் பேச்சு திரும்ப எழுந்தால் மட்டும் சட்டத்தை எடுங்கள்: இலங்கையில் கட்டாயக் கல்வி வயது முன்பு 14 வரை இருந்தது, 2016 இல் அது 16 வரை உயர்த்தப்பட்டது. பிள்ளையை வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்தபட்ச வயதும் 2021 முதல் 16 தான். 14 வயதுப் பிள்ளையின் பெயரை வெட்டினால் அவள் எங்கே போவாள் என்பது மலையகத்தில் எல்லோருக்கும் தெரியும். கொழும்பில் ஏதாவது வீட்டில் பாத்திரம் கழுவுவாள். சட்டத்தை முதல் நாளே மேசைமேல் போட்டுவிடாதீர்கள், அதற்குப் பிறகு அதிபர் உங்களோடு பேசுவதை நிறுத்திவிடுவார்.

வெளி உதவிகளைப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். ஆனால் யாரிடம் எதற்குப் போவது என்பது குழம்பிப்போயிருக்கும். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார். பிள்ளை பாடசாலைக்கு வராதது அவருடைய வேலைக்குள் வரும். அங்கேயே உளவளத்துணை உத்தியோகத்தரும் இருப்பார், அப்பாவின் குடிக்கு அவரிடம் வழி கேட்கலாம். வெளிநாட்டு வேலைவாய்ப்புக்குப் பொறுப்பான அபிவிருத்தி உத்தியோகத்தரை மறக்க வேண்டாம். வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்குக் குடும்பப் பின்னணி அறிக்கை என்ற ஒன்று 2013 இல் நடைமுறைக்கு வந்தது, பிறகு அதன் விதிகள் மாறின. அப்படி ஒரு கடதாசி கொடுத்திருந்தால், பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார் என்று அதில் ஒருவர் பெயர் எழுதப்பட்டிருக்கும். அந்தப் பெயருக்குரியவர் இன்று எங்கே என்று கேட்பதற்கு அது ஒரு நல்ல சாட்டு. ஆனால் சிலர் அந்தக் கடதாசி எதுவும் இல்லாமல் விசிட் விசாவில் போயிருப்பார்கள். அப்படி என்று தெரிந்தால் அதைத் தூக்கிப் பிடிக்காதீர்கள், வீடே பயந்து உங்களிடமிருந்து ஒதுங்கிவிடும். செயலகத்துக்குக் கடிதம் கொடுக்கும்போது தமிழிலேயே எழுதிக் கொடுங்கள், அது உங்கள் உரிமை. மேசையில் இருப்பவருக்குத் தமிழ் வராவிட்டால், தெரிந்த ஒருவர் வரும்வரை நின்று விளக்கிவிட்டு வாருங்கள். கடிதத்தைப் போட்டுவிட்டு வந்தால் அது கோப்புக்குள் தூங்கிவிடும். கொடுத்த திகதியையும் வாங்கியவரின் பதவியையும் உங்கள் கொப்பியில் எழுதி வையுங்கள்.

இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும், தயக்கத்தோடுதான். அம்மா வெளிநாட்டில், அப்பா குடிப்பவர், ஒற்றைக் காம்பரா என்றதும் எல்லோருடைய மனமும் ஒரே இடத்துக்கு ஓடும். அந்த எண்ணத்தை முகத்தில் வைத்துக்கொண்டு அவள் முன்னால் உட்காராதீர்கள், பிள்ளைகளுக்கு அது தெரிந்துவிடும். ஆனால் அவளே ஏதாவது சொல்லத் தொடங்கினால் தயாராக இருங்கள். "யாருக்கும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க டீச்சர்" என்பாள். பண்ணாதீர்கள். "ஊருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் சொல்ல மாட்டேன். உனக்கு ஆபத்து இருக்குன்னு தெரிஞ்சா, உதவக்கூடிய ஒருத்தருக்குச் சொல்லியே ஆகணும், உன்னைக் கேட்டுட்டுத்தான் சொல்வேன்" என்று சொல்லுங்கள். சத்தியம் பண்ணிவிட்டுப் பிறகு மீறும் ஆசிரியரிடம் எந்தப் பிள்ளையும் இரண்டாம் முறை வருவதில்லை. யாராவது தொட்டது, அடித்தது பற்றி அவள் சொன்னால் அவள் சொன்ன சொற்களிலேயே அன்றைக்கே எழுதி வைத்து, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 ஐ அழையுங்கள். நீங்களே துப்புத் துலக்கப் போக வேண்டாம், குற்றம் சாட்டப்பட்டவரிடம் விசாரிக்கவும் வேண்டாம். சாகலாம்போல இருக்கிறது என்ற பேச்சு வந்தால் அவளைத் தனியே விடாமல் ஒரு பெரியவரை உடன் வைத்துவிட்டு 1926 உளநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள். அவசரம் என்று பட்டால் டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கு நேராகவே கொண்டுபோங்கள்.

தரம் 7 பையனுக்கு வருகிறேன். அவனுக்கு இப்போதைக்கு உளவளத்துணை வேண்டாம், கண்ணையும் காதையும் பார்க்க வேண்டும். பாடசாலை மருத்துவப் பரிசோதனை தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்கு நடப்பது, அதனால் அவன் இந்த வருடப் பட்டியலிலேயே இருப்பான். அந்த நாளில் அவன் வராமல் விட்டுவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்கனவே நடந்து முடிந்திருந்தால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். கண்ணும் காதும் சரி, வாயால் கேட்டால் பதில் சொல்கிறான், எழுத்தில் மட்டும் தடுமாறுகிறான் என்றால் அது வாசிப்புச் சிரமமாக இருக்கலாம். ஹட்டன் வலயக் கல்விப் பணிமனையில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரிடம் கேட்டால் அடுத்த படி தெரியும். இப்போதே கேட்பது நல்லது. விசேட தேவை உள்ள பரீட்சார்த்திகளுக்குப் பரீட்சைத் திணைக்களம் மேலதிக நேரம் போன்ற சலுகைகளைத் தருகிறது. அதற்கு மருத்துவச் சான்றுகள் வேண்டும், சாதாரண தரப் பரீட்சைக்கு ஒரு மாதம் முன்னால் ஓடினால் ஒன்றும் கிடைக்காது. அதுவரை வகுப்பில் எழுந்து நின்று சத்தமாக வாசிக்கச் சொல்லி அவனைக் கூப்பிட வேண்டாம் என்று தமிழ் ஆசிரியரிடம் சொல்லிவையுங்கள். அவனை மொக்கன் என்று யாராவது கூப்பிடுகிறார்களா என்றும் கவனியுங்கள். உளவளத்துணை தேவைப்படுவது அப்போதுதான்.

உங்களுக்கு அறை ஏதும் தந்திருக்கிறார்களா என்று எழுதவில்லை. தந்திருந்தாலும் அது விளையாட்டுப் பொருட்களும் உடைந்த கதிரைகளும் அடுக்கிய அறையாகத்தான் இருக்கும். எனக்கு முதலில் கிடைத்தது அதிபர் அறைக்குப் பக்கத்து அறை. மூன்று மாதம் ஈ காக்கை வரவில்லை. பிறகு தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் இருந்த திண்ணையில் இடைவேளைகளில் சும்மா உட்காரத் தொடங்கினேன். தண்ணீர் குடிக்க வரும் சாக்கில் பிள்ளைகள் நின்று பேசிவிட்டுப் போனார்கள். பார்ப்பவர்களுக்கு யார் எதற்கு நிற்கிறார்கள் என்று தெரியாது.

வீட்டுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமையே போங்கள், பத்து மணி வாக்கில். அப்பா வீட்டில் இருப்பார், நிதானமாகவும் இருப்பார். தம்பிக்கு ஒரு பிஸ்கட் பக்கெட் போதும். அரிசி, சீருடை என்று சுமந்துகொண்டு போனால் லயமே எட்டிப் பார்க்கும், அவள் மறுபடியும் கூனிக் குறுகிவிடுவாள். அவளுடைய கொப்பி ஒன்று வகுப்பில் கிடந்தால் அதை எடுத்துப் போங்கள். திங்கட்கிழமை வர வேண்டும் என்று கேட்காமல், விட்டுப்போன கணக்குகளை அவளோடு உட்கார்ந்து ஒரு பக்கம் செய்துவிட்டுத் திரும்புங்கள்.

போய் வந்து எனக்கு எழுதுங்கள். அவளுடைய பெயரோ தோட்டத்தின் பெயரோ வேண்டாம். பிள்ளைக் காம்பரா எத்தனை மணிக்குத் திறக்கிறது என்பதை மட்டும் மறக்காமல் எழுதுங்கள்.